காய்ச்சல் விடியும் வரை காத்திருக்காது

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் நமது கள ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம். கூட்டத்துக்கு வர முடியாத உறுப்பினர்கள் பலர் கேட்டதால் இங்கே தருகிறோம். குழுக் கூட்டத்தில் ஒருவர் சத்தமாக வாசிக்க, மற்றவர்கள் உட்கார்ந்து கேட்கலாம்.)



வழக்கமா நான் மைக்கைப் பிடிச்சா சேமிப்பு, உள்கடன், தணிக்கை, வங்கி இணைப்புன்னு பேசுவேன். இன்னைக்கு அது எதுவும் இல்லை. ரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுத்துக்கிட்டு இருக்கிற குழந்தைக்குக் காய்ச்சல் வந்தா என்ன செய்யணும்? இந்த ஒரே ஒரு விஷயத்தைப் பத்தித்தான் பேசப் போறேன். "எங்க வீட்டில் அப்படிக் குழந்தை இல்லையே, எங்களுக்கு எதுக்கு?" என்று சிலர் நினைக்கலாம். நம்ம கூட்டமைப்பில் அப்படிப்பட்ட வீடுகள் இருக்கு. நாளைக்கு உங்க பக்கத்து வீடாக இருக்கலாம். ராத்திரி 10 மணிக்கு அந்தத் தாய் வந்து கதவைத் தட்டும்போது, என்ன செய்யணும்னு தெரிஞ்ச ஒரு பெண் அந்தத் தெருவில் இருக்கணும். அதுக்காகத்தான் இந்தப் பேச்சு.

முதலில் ஒரு வரியில் சொல்லிடறேன். கீமோ சிகிச்சையில் இருக்கிற குழந்தைக்குக் காய்ச்சல் வந்தா, அது பாம்பு கடிச்ச மாதிரி அவசரம். பாம்பு கடிச்சா யாராவது "காலையில் முதல் பஸ்ஸுக்குப் போகலாம்" என்று சொல்வோமா? அதே மாதிரிதான் இதுவும். ஏன் அப்படின்னு இப்போ விளக்கறேன்.

இந்த நோய் என்ன செய்யுது?

நம்ம எலும்புக்குள்ளே மஜ்ஜை இருக்கு. ரத்தம் தயாராகிறது அங்கேதான். சிவப்பணு உடம்புக்குத் தெம்பு கொடுக்குது. தட்டணு ரத்தம் கொட்டாம அடைக்குது. வெள்ளையணு கிருமியை எதிர்த்து நிக்குது, அதுதான் காவல்காரன். ரத்தப் புற்றுநோய் வந்தா, அந்த மஜ்ஜையில் வளர்ச்சியடையாத கெட்ட அணுக்கள் நாற்றங்காலில் களை மண்டின மாதிரி மண்டிப் போகும். களை மண்டினா நாற்று வருமா? நல்ல அணுக்களுக்கு இடமில்லாம போயிடும். அதனால்தான் குழந்தை வெளுத்துப் போகுது, அடிக்கடி காய்ச்சல் வருது, உடம்பில் ரத்தக் கட்டுப் புள்ளிகள் வருது, கால் வலிக்குதுன்னு அழுது.

குழந்தைகளுக்கு வர்ற புற்றுநோய்களில் இதுதான் அதிகம். 2 வயசிலிருந்து 5 வயசு வரைக்கும் உள்ள பிள்ளைகளுக்குக் கூடுதலா வருது. இது ஒட்டுவாரொட்டி கிடையாது. யாருடைய பாவமும் இல்லை. தாய் கர்ப்பமா இருந்தப்போ எதையோ சாப்பிட்டதால் வந்ததும் இல்லை.

இன்னொரு முக்கியமான விஷயம். இது குணமாகக்கூடிய நோய். வசதியான நாடுகளில் புற்றுநோய் வந்த குழந்தைகளில் நூற்றுக்கு 80 பேருக்கு மேல் பிழைக்கிறாங்க. வசதி குறைஞ்ச பல நாடுகளில் 30 பேர்கூடப் பிழைக்கிறதில்லை என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. 2030-க்குள் உலகம் முழுக்கக் குறைந்தது 60 பேராவது பிழைக்கணும்னு 2018-ல் ஒரு திட்டமும் அறிவிச்சாங்க.

இந்த நோய்க்கு மருந்து வந்த கதையில் நம்ம சென்னைக்கும் ஒரு பங்கு இருக்கு. சென்னை மருத்துவக் கல்லூரியில் படிச்ச எல்லாப்பிரகடா சுப்பாராவ் என்பவர் அமெரிக்காவுக்குப் போய் ஒரு மருந்து ஆராய்ச்சிக் கூடத்துக்குத் தலைமை தாங்கினார். அவருடைய குழு தயாரிச்ச ஒரு மருந்தை பாஸ்டன் நகரத்தில் சிட்னி ஃபார்பர் என்ற டாக்டர் ரத்தப் புற்றுநோய் வந்த 16 குழந்தைகளுக்குக் கொடுத்தார். 10 பேருக்கு நோய் தணிஞ்சது. இதை 1948-ல் வெளியிட்டாங்க. அந்தக் குழந்தைகளுக்குக் கொஞ்ச காலம்தான் தணிவு கிடைச்சது. ஆனால் அதுவரைக்கும் "ஒண்ணும் செய்ய முடியாது" என்று இருந்த நோய்க்கு அன்னைக்குத்தான் வழி பிறந்தது. அந்த மருந்தின் தங்கச்சி மருந்தான மெத்தோட்ரெக்சேட்டைத்தான் இன்னைக்கும் நம்ம பிள்ளைங்க வாரம் ஒருநாள் மாத்திரையா சாப்பிடறாங்க.

களைக்கொல்லி அடிச்சா நாற்றும் வாடும்

சிகிச்சை மொத்தம் 2 வருஷத்திலிருந்து 3 வருஷம் வரைக்கும் நடக்கும். கீமோ மருந்து களைக்கொல்லி மாதிரி. களையைக் கொல்லும்போது நல்ல நாற்றும் கொஞ்சம் வாடும். முக்கியமா வெள்ளையணு குறைஞ்சு போகும். பெரும்பாலும் மருந்து ஏத்தி 7 நாளிலிருந்து 14 நாளுக்குள் ரொம்பக் கீழே இறங்கி, அப்புறம் மெதுவா ஏறும். ஆஸ்பத்திரியில் இருந்து வீட்டுக்கு அனுப்பி, "நல்லாத்தானே இருக்கான்" என்று நாம நிம்மதியா இருக்கிற நாட்கள்தான் காவல்காரன் இல்லாத நாட்கள்.

ரத்தப் பரிசோதனைச் சீட்டில் "ஏ.என்.சி." என்று ஒரு கணக்கு இருக்கும். கிருமியோடு சண்டை போடுகிற முக்கியமான வெள்ளையணுவின் எண்ணிக்கை அது. 500-க்குக் கீழே போனா பெரிய ஆபத்து என்று அர்த்தம். ஒவ்வொரு முறை ரத்தம் எடுக்கும்போதும் "ஏ.என்.சி. எவ்வளவுங்க?" என்று கேட்டு ஒரு நோட்டில் எழுதி வைக்கணும். நம்ம சேமிப்புப் புத்தகத்தில் இருப்பு எழுதறோமில்லையா, அது மாதிரி. கேட்கிறதுக்குக் கூச்சமே வேண்டாம்.

சரி, கிருமி எங்கிருந்து வருது? இதை மாமியார்களும் நாத்தனார்களும் நல்லா கேட்டுக்கணும். பெரும்பாலும் அந்தக் கிருமி குழந்தையின் உடம்பிலேயே இருக்கிறதுதான். நம்ம எல்லோருடைய குடலிலும் வாயிலும் தோலிலும் கோடிக்கணக்கான கிருமிகள் சும்மா குடியிருக்கு. காவல் பலமா இருக்கிற வரைக்கும் அது வாலாட்டாது. கீமோவில் வாயும் குடலும் புண்ணாகும், காவலும் குறையும். அப்போ அந்தக் கிருமி ரத்தத்துக்குள்ளே நுழைஞ்சுடும். அதனால "உன் சுத்தக்குறைவாலதான் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தது" என்று தாயைக் குத்திக் காட்டாதீங்க. எவ்வளவு சுத்தமா இருந்தாலும் காய்ச்சல் வரலாம். திட்டு விழும்னு பயந்து அவ காய்ச்சலை மறைச்சா, போகிறது குழந்தையின் உயிர்.

ஒரு ராத்திரிக் கணக்கு

வட்டிக் கணக்கு நமக்கு அத்துப்படி. மீட்டர் வட்டி எப்படி ஏறும்னும் தெரியும். கிருமியின் கணக்கைக் கேளுங்க. வசதியான சூழ்நிலை கிடைச்சா சில கிருமிகள் 20 நிமிஷத்தில் ஒண்ணு ரெண்டாகும். ரெண்டு நாலாகும். நாலு எட்டாகும். ராத்திரி 10 மணிக்கு ஒண்ணு இருந்தா, காலை 6 மணிக்கு எத்தனை? கணக்குப் போட்டா 1 கோடியே 67 லட்சத்துக்கு மேல. உடம்புக்குள்ளே அப்படியே கணக்குப் பிசகாம பெருகாதுதான். ஆனால் காவல்காரன் இல்லாத உடம்பில் ஒரு ராத்திரி எவ்வளவு பெரிய நேரம்னு இதில் புரியும்.

வேறொரு விஷயமும் இருக்கு. சீழ் என்பது என்ன? பெரும்பாலும் கிருமியோடு சண்டை போட்டுச் செத்த வெள்ளையணுக்கள்தான். வெள்ளையணுவே இல்லைன்னா சீழும் வராது, வீக்கமும் சரியா தெரியாது. வெளியே பார்த்தா எதுவுமே இருக்காது. பல நேரம் நமக்குக் கிடைக்கிற ஒரே அறிகுறி காய்ச்சல்தான். அதையும் காத்திருந்து பார்த்தா, வேற எதை வச்சுக் கண்டுபிடிக்கிறது?

டாக்டர்களே ஒரு காலத்தில் காத்திருந்து பார்த்தவங்கதான். 1966-ல் அமெரிக்காவில் ஜெரால்ட் போடி என்ற டாக்டரும் கூட இருந்தவர்களும், வெள்ளையணு எவ்வளவு குறையுதோ, எத்தனை நாள் குறைஞ்சே இருக்குதோ, அவ்வளவுக்கு நோய்த்தொற்று அதிகமாகுதுன்னு கணக்கெடுத்துக் காட்டினாங்க. 1971-ல் இன்னொரு மருத்துவக் குழு, கிருமி என்னன்னு பரிசோதனை முடிவு வர்றதுக்கு முன்னாடியே, காய்ச்சல் வந்த உடனே மருந்தை ஆரம்பிச்சு, பலன் கிடைச்சதை எழுதினாங்க. அன்னையிலிருந்து உலகம் முழுக்க அதுதான் வழக்கம். ரத்தத்தைப் பரிசோதனைக்கு எடுத்துட்டு, ஆஸ்பத்திரிக்கு வந்த 1 மணி நேரத்துக்குள் நரம்பு வழியா முதல் ஆண்டிபயாடிக் போடணும் என்கிறது இன்றைய முறை. பரிசோதனை முடிவுக்காக டாக்டரே காத்திருக்கிறதில்லை. அப்படியிருக்க நாம பஸ்ஸுக்காகக் காத்திருக்கலாமா?

ரெண்டு வீட்டில் நடந்தது

ஊர் பேர் சொல்லலை. அந்தக் குடும்பங்களின் மனசு எனக்கு முக்கியம்.

ஒரு ஊரில் 7 வயசுப் பையன். சிகிச்சை நல்லா போய்க்கிட்டு இருந்தது. ஒருநாள் சாயங்காலம் காய்ச்சல். பக்கத்தில் இருந்த கிளினிக்குக்குக் கூட்டிட்டுப் போனாங்க. இடுப்பில் ஒரு ஊசி, பாரசிட்டமால் மருந்து. ராத்திரி 9 மணிக்கு வேர்த்துக் காய்ச்சல் விட்டது. வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. பையன் ரெண்டு வாய் ரசம் சாதம்கூடச் சாப்பிட்டான். விடியற்காலம் பார்த்தா கை கால் ஜில்லுன்னு இருக்கு, கூப்பிட்டா சரியா முழிக்கலை. வண்டி பிடிச்சுப் போறதுக்குள்ளே வழியிலேயே முடிஞ்சு போச்சு. புற்றுநோய் அவனைக் கொண்டு போகலை. காய்ச்சலைத்தான் மாத்திரை இறக்கிச்சு. ரத்தத்தில் இருந்த கிருமி அப்படியே இருந்தது.

இன்னொரு ஊரில் 6 வயசுப் பெண் குழந்தை. கீமோ ஏத்தி 10-ஆம் நாள். ராத்திரி 9 மணிக்கு 101 டிகிரி. அப்பா வேலைக்கு வெளியூர் போயிருந்தார். "விடியட்டும்" என்றாங்க வீட்டுப் பெரியவங்க. அந்தத் தாய் நேரா குழுப் பிரதிநிதி வீட்டுக்குப் போனாங்க. பிரதிநிதி அக்கா யாரையும் கூட்டம் கூட்டலை, கையிருப்பில் இருந்து 3,000 ரூபாய் எடுத்துக் கொடுத்து, தெருவில் இருந்த ஆட்டோவை எழுப்பி, கூடவே ஏறிட்டாங்க. ஆஸ்பத்திரி வாசலில், "சாதாரண காய்ச்சலுக்கு இந்நேரத்தில் ஏன் வந்தீங்க? காலையில் ஓ.பி.க்கு வாங்க" என்றாங்களாம். அந்த அக்கா ஃபைலைத் திறந்து முதல் பக்கத்தைக் காட்டி, "கீமோ நடக்குதுங்க, வெள்ளையணு குறைவு, காய்ச்சல் 101. டாக்டரைப் பார்க்காம போக மாட்டோம்" என்று நின்னாங்க. டாக்டர் வந்து பார்க்கும்போது ரத்த அழுத்தம் இறங்க ஆரம்பிச்சிருந்தது. உடனே மருந்து ஏறிச்சு. 12 நாள் ஆஸ்பத்திரியில் இருந்து வீட்டுக்கு வந்துட்டா. இப்போ பள்ளிக்கூடம் போறா.

ரெண்டு பெற்றோருக்கும் பிள்ளை மேல பாசம் ஒண்ணுதான். ரெண்டாவது வீட்டில் விஷயம் தெரிஞ்ச ஒருத்தரும், கையில் காசும், வண்டியும் அந்த ராத்திரியே கிடைச்சது. அந்த மூணும் எல்லா ஊரிலும் கிடைக்கிற மாதிரி நாம செய்ய முடியும்.

காய்ச்சல் வந்தா என்ன செய்யணும்?

1. தொட்டுப் பார்த்து முடிவு பண்ணாதீங்க. வீட்டில் ஒரு தெர்மாமீட்டர் கட்டாயம் வேணும். அக்குளில் வச்சுப் பார்க்கலாம். 100.4 டிகிரி காட்டினா காய்ச்சல்தான். உடனே சிகிச்சை பார்க்கிற வார்டுக்குப் போன் போட்டுட்டுக் கிளம்புங்க. போன் கிடைக்கலைன்னாலும் கிளம்புங்க. உங்க டாக்டர் வேறு அளவு சொல்லியிருந்தா அதையே பின்பற்றுங்க. ஆசனவாயில் மட்டும் தெர்மாமீட்டர் வைக்கக் கூடாது. அங்கே சின்னக் கீறல் விழுந்தாலும் கிருமி நுழைஞ்சுடும். எனிமாவும் கூடாது, ஆசனவாயில் வைக்கிற மாத்திரையும் கூடாது.

2. டாக்டரைக் கேட்காம பாரசிட்டமால் கொடுத்துட்டு வீட்டில் உட்கார்ந்திருக்காதீங்க. காய்ச்சலை மறைச்சுடும். ஆஸ்பிரின், புரூஃபென் போன்ற வலி மாத்திரைகள் கூடவே கூடாது. தட்டணு குறைவா இருக்கும்போது அது ரத்தக்கசிவை உண்டாக்கலாம்.

3. இடுப்பிலோ கையிலோ சதையில் ஊசி போட விடாதீங்க. ரத்தம் கட்டும், அந்த இடமே புண்ணாகிக் கிருமிக்கு வீடாகும்.

4. காய்ச்சல் இல்லாமலும் ஆபத்து வரலாம். சிகிச்சையில் ஸ்டீராய்டு மாத்திரை கொடுக்கிற நாட்களில் காய்ச்சல் வெளியே தெரியாம போகலாம். உடம்பு நடுங்குது, கை கால் ஜில்லுன்னு இருக்கு, மூச்சு வேகமா வாங்குது, வயிறு ரொம்ப வலிக்குது, ஒண்ணுக்குப் போறது குறைஞ்சிருக்கு, பிள்ளை துவண்டு கிடக்குது. இதில் எது இருந்தாலும் தெர்மாமீட்டர் என்ன காட்டினாலும் கிளம்புங்க. மார்பிலோ கையிலோ மருந்து ஏத்தக் குழாய் வச்சிருக்கிற பிள்ளைக்கு, குழாயில் மருந்து போன பிறகு நடுக்கம் வந்தாலும் அப்படித்தான்.

5. சிகிச்சை பார்க்கிற பெரிய ஆஸ்பத்திரி தூரமா இருந்தா, பக்கத்தில் உள்ள மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கோ, மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ முதலில் போங்க. அங்கே முதல் மருந்து ஏறட்டும். அப்புறம் டாக்டர்கள் பேசிக்கிட்டு அனுப்புவாங்க. எந்த ஆஸ்பத்திரிக்குப் போகணும்னு சிகிச்சை ஆரம்பிக்கும்போதே டாக்டரிடம் கேட்டு, "காய்ச்சல் வந்தால் இந்த மருந்து உடனே போடவும்" என்று ஒரு கடிதமும் வாங்கி ஃபைலின் முதல் பக்கத்தில் வச்சுக்குங்க. வண்டிக்கு 108-ஐக் கூப்பிடலாம், காசு கிடையாது.

6. வாசலில் சொல்ல வேண்டியதை மனப்பாடம் பண்ணிக்குங்க: "குழந்தைக்கு ரத்தப் புற்றுநோய். கீமோ நடக்குது. கடைசி கீமோ இந்தத் தேதி. இப்போ காய்ச்சல் இவ்வளவு." இந்த நாலு வரி போதும். வரிசையில் நிக்க வேண்டாம்.

வராமல் தடுக்க வீட்டில் செய்யக்கூடியது

எல்லாக் காய்ச்சலையும் தடுக்க முடியாது. கொஞ்சம் குறைக்கலாம்.

கை கழுவுறதுதான் முதல் மருந்து. பிள்ளையைத் தொடுறதுக்கு முன்னாடி, சமைக்கிறதுக்கு முன்னாடி, கழிப்பறை போய்வந்த பிறகு சோப்புப் போட்டு நல்லா தேய்ச்சுக் கழுவணும். பிள்ளைக்கும் பழக்கணும்.

தண்ணியைக் கொதிக்க வச்சு ஆற வச்சுக் கொடுங்க. சாப்பாடு சுடச்சுட அப்பவே சமைச்சதா இருக்கணும். பழைய சோறு, நேத்து வச்ச குழம்பு, காய்ச்சாத பால், பச்சை முட்டை, வெட்டி வச்சு விக்கிற பழம், தெருவோரப் பானிபூரி, ஐஸ் எதுவும் வேண்டாம். வாழைப்பழம், ஆரஞ்சு மாதிரித் தோலுரிக்கிற பழம் நல்லது. முட்டையை நல்லா வேக வச்சுக் கொடுங்க. பத்தியம் என்ற பேரில் பிள்ளையைப் பட்டினி போடாதீங்க. தெம்பு குறைஞ்சா நோயை எதிர்க்க முடியாது.

வாயைச் சுத்தமா வச்சுக்கணும். மெதுவான பிரஷ், சாப்பிட்ட பிறகு உப்புத் தண்ணியில் கொப்பளிக்கிறது. வேப்பங்குச்சி, செங்கல்பொடி வேண்டாம், ஈறு கிழியும். தினமும் குளிக்க வச்சு, அக்குள், தொடை இடுக்கு, ஆசனவாய்ப் பக்கம் சிவந்திருக்கா, புண் இருக்கான்னு கண்ணால் பாருங்க. வலிக்குதுன்னு பிள்ளை சொன்னா டாக்டரிடம் சொல்லுங்க.

வாரத்தில் 2 அல்லது 3 நாள் மட்டும் கொடுக்கச் சொல்லி ஒரு மாத்திரை தருவாங்க. நுரையீரலில் வர்ற ஒருவகை மோசமான தொற்றைத் தடுக்கிறது அது. "காய்ச்சல் இல்லையே, எதுக்கு?" என்று நிறுத்திடாதீங்க.

கல்யாணம், திருவிழாக் கூட்டம், சளிக் காய்ச்சல் உள்ளவங்க இருக்கிற இடம் கொஞ்ச நாளைக்கு வேண்டாம். பார்க்க வர்ற சொந்தக்காரங்க பத்து பேர் பிள்ளையைத் தூக்கி முத்தம் கொடுக்கிறதும் வேண்டாம். வாசலில் நின்னு பேசிட்டுப் போகட்டும். தாய் கோவிச்சுக்கிட்டு அப்படிச் சொல்றதா நினைக்காதீங்க.

கூட்டத்தில் உறுப்பினர்கள் கேட்ட கேள்விகள்

*அம்மை போட்டா ஆஸ்பத்திரிக்குப் போகக் கூடாதுன்னு எங்க ஊரில் வழக்கம். என்ன பண்றது?*

அம்மனுக்குச் செய்ய வேண்டியதைச் செய்யுங்க, யாரும் தடுக்கலை. ஆனால் கீமோ எடுக்கிற பிள்ளைக்குச் சின்னம்மையும் தட்டம்மையும் உயிருக்கே ஆபத்து. அதுக்குக் கொடுக்க மருந்து இருக்கு. அம்மை போட்ட பிள்ளையோடு ஒரே வீட்டிலோ ஒரே வகுப்பிலோ இருந்திருந்தாலே, பிள்ளைக்கு ஒண்ணும் இல்லைன்னாலும், அன்னைக்கே டாக்டருக்குச் சொல்லணும். வீட்டில் அம்மை போட்டவங்களும் பக்கத்து வீட்டுக்குச் சொல்லிடுங்க. அதில் தெய்வக்குத்தம் எதுவும் இல்லை.

*போலியோ சொட்டு மருந்து நாள் வருதே, கொடுக்கலாமா?*

சிகிச்சையில் இருக்கிற பிள்ளைக்குச் சொட்டு மருந்து கொடுக்கக் கூடாது. அதில் உயிருள்ள கிருமி பலம் குறைச்சு வச்சிருக்கு. அதே வீட்டில் இருக்கிற அண்ணன் தம்பி, அக்கா தங்கைக்கும் சொட்டு மருந்துக்குப் பதிலா ஊசி மருந்துதான் போடணும். வர்ற நர்ஸம்மாவிடம் விவரத்தைச் சொல்லுங்க. மத்த தடுப்பூசிகளை எப்போ போடணும்னு புற்றுநோய் டாக்டரைக் கேட்டுச் செய்யுங்க.

*கஷாயம், பச்சிலைச் சாறு கொடுத்தா ரத்தம் ஊறும் என்கிறாங்களே?*

காய்ச்சாத சாறில் மண்ணும் கிருமியும் இருக்கும். சில மூலிகைகள் கீமோ மருந்தோடு மோதும், ஈரலைக் கெடுக்கும். எதைக் கொடுத்தாலும் டாக்டரிடம் மறைக்காம கேட்டுட்டுக் கொடுங்க. விபூதி நெத்தியில் இருக்கட்டும், வாயில் போட வேண்டாம். காதுகுத்தையும் சிகிச்சை முடியும் வரைக்கும் தள்ளி வச்சுக்கலாம்.

*இந்தப் பிள்ளையை அங்கன்வாடியில் மத்த பிள்ளைகளோடு விடலாமா? எங்க பிள்ளைக்கு ஒட்டிக்காதா?*

ஒட்டாது. நம்ம பிள்ளையிடமிருந்து அந்தப் பிள்ளைக்குத்தான் சளி, காய்ச்சல் ஒட்டும். டாக்டர் அனுப்பச் சொன்ன பிறகு தாராளமா பள்ளிக்கூடத்துக்கு அனுப்பலாம். முடி கொட்டிப் போச்சுன்னு கேலி பண்ணக் கூடாதுன்னு நம்ம பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்க.

*இவ்வளவு செலவுக்கு எங்கே போறது?*

முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தா ரத்தப் புற்றுநோய் சிகிச்சைக்கு உதவி கிடைக்கும். அட்டை இல்லாதவங்க வருமானச் சான்றும் குடும்ப அட்டையும் வச்சு எடுத்துக்குங்க, தள்ளிப் போடாதீங்க. ரயிலில் நோயாளிக்கும் துணைக்குப் போற ஒருத்தருக்கும் கட்டணச் சலுகை உண்டு, ஆஸ்பத்திரியில் படிவத்தில் கையெழுத்து வாங்கணும். இருந்தாலும் ராத்திரி 10 மணிக்கு ஆட்டோக்காரருக்குக் கொடுக்கக் கையில் காசு வேணும். அதுக்குத்தான் நம்ம குழு இருக்கு.

குழு என்ன செய்யலாம்?

ஒவ்வொரு குழுவும் அடுத்த கூட்டத்திலேயே தீர்மானப் புத்தகத்தில் ஒரு தீர்மானம் எழுதணும்னு கேட்டுக்கறேன். "உயிர்காக்கும் மருத்துவ அவசரத்துக்கு, கூட்டம் கூட்டாமலேயே, ஊக்குநரும் ஒரு பிரதிநிதியும் சேர்ந்து கையிருப்பில் இருந்து இவ்வளவு ரூபாய் வரை உடனே கடன் கொடுக்கலாம். அடுத்த கூட்டத்தில் கணக்கு வைக்கப்படும்." எவ்வளவு என்கிறதை நீங்களே முடிவு பண்ணுங்க. முன்கூட்டியே தீர்மானம் இருந்தா அப்புறம் யாரும் யாரையும் கேள்வி கேட்க வேண்டியதில்லை.

அடுத்து, ராத்திரியில் கூப்பிட்டா வர்ற ரெண்டு வண்டிக்காரர்களின் போன் நம்பரை எல்லா உறுப்பினரும் வச்சிருக்கணும். குழுப் பணத்தில் ஒரு தெர்மாமீட்டர் வாங்கி, அதைப் பார்க்க நாலு பேராவது கத்துக்கணும். தாய் ஆஸ்பத்திரியில் இருக்கும்போது வீட்டில் இருக்கிற மத்த பிள்ளைகளுக்குச் சோறு போட முறை வச்சுக்கலாம். மாட்டைப் பார்த்துக்க ஒருத்தர் இருந்தாலே பாதிப் பாரம் குறையும். பல தாய்மார்கள் ஆஸ்பத்திரியை விட்டு அவசரமா திரும்பி வர்றதே இந்தக் கவலையால்தான்.

கடைசியா ஒரு விஷயம். புற்றுநோய் வந்தா பெண் குழந்தைகள் சிகிச்சைக்கு வர்றது ஆண் குழந்தைகளைவிடக் குறைவா இருக்குன்னு நம்ம நாட்டு ஆஸ்பத்திரிக் கணக்குகள் காட்டுது. பொம்பளைப் பிள்ளைக்கு எதுக்கு இவ்வளவு செலவு, இவ்வளவு அலைச்சல் என்று யாராவது ஒரு வார்த்தை சொன்னா, அந்த இடத்தில் எழுந்து நின்னு பதில் சொல்றவங்க நம்ம குழுப் பெண்களா இருக்கணும். சுய உதவின்னு பேர் வச்சிருக்கோம். நம்ம தெருவில் ஒரு பிள்ளை விடியும் வரைக்கும் காத்திருக்காம ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தா, அந்தப் பேருக்கு நாம நியாயம் செஞ்சதா அர்த்தம்.



வெட்டி எடுத்துச் சுவரில் ஒட்டிவைக்க

- கீமோ எடுக்கும் குழந்தைக்கு 100.4 டிகிரி காய்ச்சல் என்றால் உடனே மருத்துவமனை. இரவானாலும் போக வேண்டும்.
- கேட்காமல் மாத்திரை வேண்டாம். சதையில் ஊசி வேண்டாம். ஆசனவாயில் எதுவும் வேண்டாம்.
- காய்ச்சல் இல்லாவிட்டாலும் நடுக்கம், துவண்டு போதல், கை கால் சில்லிடுதல், மூச்சு வாங்குதல் இருந்தால் கிளம்பவும்.
- ஃபைல், டாக்டர் கடிதம், காப்பீட்டு அட்டை, ஒரு செட் துணி, கொஞ்சம் பணம் ஒரே பையில் எப்போதும் தயாராக இருக்கட்டும்.
- வாசலில் சொல்ல வேண்டியது: "ரத்தப் புற்றுநோய், கீமோ நடக்கிறது, கடைசி கீமோ தேதி, காய்ச்சல் அளவு."
- அம்மை உள்ளவர் அருகில் குழந்தை இருந்திருந்தால் அன்றே டாக்டரிடம் சொல்லவும்.
- ஆம்புலன்ஸ்: 108